ஐந்து இருபது படகு

படகின் இலவச வைஃபை
மூன்று நாளாய் இருமுகிறதென்று புகார்.
சிற்றுண்டிச் சாலைக்குப் பின்னால்
துடைப்பங்கள் வைக்கும் அறையில் உட்கார்ந்து
காற்றில் போகிறதையெல்லாம் பிடித்துப் பார்க்கிறேன்.
வேலைதான் இது, வேவு இல்லை
என்று எனக்கே ஒருமுறை சொல்லிக்கொண்டேன்.

வெளியே பால்டிக் கடலின் பனிக்கட்டி
அடித்தட்டை நறநறவென்று கடிக்கிறது.
உள்ளே நாற்பத்தொரு கைபேசிகள்.

ஒரு வணக்கம், ஒரு பதில் வணக்கம்.
ஆளுக்கோர் எண்ணை
சந்தையில் கூவுவது போல் கூவிக்கொள்கிறார்கள்.
இரண்டும் என் காதில் விழுந்தன.
சொல்லாத எண்ணோடு சொன்னதைப் பிசைந்து
அவர்களுக்குள் ஒரு சாவி பிறந்துவிட்டது.
எனக்குப் பிறக்கவில்லை.
இருபது வருடமாய்த் தெரிந்த வித்தை;
இன்றும் பர்ஸைப் பறிகொடுத்தவன் மாதிரி விழிக்கிறேன்.

நீ நீதானா என்ற விசாரணைகூட
மூடிய அறைக்குள்தான்.
அப்புறம் எல்லாம் இரைச்சல்.
காதலா, மீன் விலையா, கடன் தவணையா,
ஒரே சாம்பல் நிறம்.
நடுவழியில் ஒரு புள்ளியை நகர்த்தினாலும்
மொத்தமும் குப்பைக்குப் போகும்.
பேச்சு முடிந்ததும் சாவியை உருக்கிவிடுவார்கள்.
நாளைக்கு எவன் கன்னம் வைத்தாலும்
நேற்று அங்கே இருக்காது.

ஆனால் அந்த முதல் வணக்கம்.
யாரைத் தேடி வந்தோமென்று
வாசலிலேயே சொல்லிவிடுகிறது.
அதையும் மறைக்க வழி வந்தாயிற்று,
எல்லா வாசலுக்கும் வந்தபாடில்லை.

பதினேழாம் கைபேசி
தார்த்துவில் ஒரு புற்றுநோய் மருத்துவமனைக் கதவை
ஆறு நிமிடத்தில் ஒன்பது தடவை தட்டியது.
எட்டு தடவை
‘இன்னும் வரவில்லை’ அளவுக்குச் சின்னப் பதில்.
ஒன்பதாவது பெரியது.
அதன்பின் பதினேழு
எதையும் கேட்கவில்லை.

என்ன எழுதியிருந்ததோ.
கணக்கு மயிரிழைகூட விட்டுத்தரவில்லை.
எழுதியிருந்தது என்பது மட்டும் தெரியும்.

கண்ணாடிக்கு அப்பால்
ஹெல்யே பட்டாணி சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள்.
கைபேசியைக் கவிழ்த்து வைத்தவர்கள் மூன்று பேர்:
பச்சைக் கம்பளித் தொப்பிப் பெண்,
வலைக்காரர் ஒருவர்,
குழந்தையின் பனிச்சறுக்குக் காலணியை
மடியில் வைத்திருந்த ஆள்.
சிக்னலின் வலுவைப் பார்த்தால்
எந்த மேசை என்று தெரிந்துவிடும்.
அம்புக்குறி பதினேழின்மேல் போய் நின்றது.

கேப்டன் அறையிலிருந்து தோனிஸ் கூப்பிட்டான்,
என்னப்பா கோளாறு என்று.
மேல்தள ஆன்டெனாவில் உப்பேறியிருக்கிறது என்றேன்.
அது உண்மைதான்.

பிடித்து வைத்த கோப்பை அழித்தேன்.
பிறகு போய் ஒரு சூப் வாங்கி
சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து குடித்தேன்.
பட்டாணி வேகவே இல்லை.