நாலேகால் ஆட்டத்துக்கு முன்

வியாழன் இரவே தொடங்கிவிட்டது வழக்கு.
சனிக்கிழமை ஹெவ்லொக் பார்க்கில் ஆட்டம், நாலேகாலுக்கு.
இரண்டு மணிக்குச் சட்டப்படி பார்கள் மூடும்,
ஐந்துக்குத்தான் திறக்கும்.
ஆக, பதினொன்றிலிருந்து மூன்று மணித்தியாலம்,
மூன்று கடை, நாலு பேர்,
அதில் ஒருவனுக்கு ஜிஞ்சர் பியர்.

பம்பலப்பிட்டி 'மீன் தொட்டி'யில் தொடங்கலாம் என்றான் ருவந்த.
தொட்டியில் மீன் செத்து இரண்டு வருடம்;
பச்சைத் தண்ணீரும் பிளாஸ்டிக் பாசியும் மிச்சம்.
ஆனால் கணவாய் டெவல் காது வரை எரிக்கும்.
ஏற்றுக்கொள்ளப்பட்டது.

தும்முல்லைக்குக் கிட்ட, வக்கீல்கள் குடிக்கிற இடம்:
செருப்புக்கு அனுமதி இல்லை, ஜேர்சிக்கும் இல்லை,
"எங்கட மூஞ்சிக்கே இல்லை" என்றான் பர்வீஸ்.
குடிக்காதவனுக்குத்தான் எப்போதும் கொள்கை அதிகம்.
தள்ளுபடி.

பிறகு, ரயில் பாதையோரக் கடை.
மாத்தறை ரயில் போனால்
கிளாஸ் தானாக மேசையில் இரண்டு விரல் நகரும்.
அந்த வருடங்களில் அங்கே
நானும் குகபாலனும் எங்களுக்குள்ளேயே
சிங்களத்தில் கச்சான் கேட்டுக்கொள்வோம்.
இப்போது அதை யாரும் காரணமாகச் சொல்வதில்லை.
கச்சான் நல்லது. சரி.

மிஞ்சியது மேல்மாடி.
மைதானத்துக்கு முன்னாலேயே,
பியர் பல்லுக் கூசும் குளிர்,
ஜன்னல் வேறு.
"கார் விட இடமில்லை" என்றான் பர்வீஸ்.
"கக்கூஸ் நாறும்" என்றான் ருவந்த.
"விலையைக் கூட்டிவிட்டான்" என்று நானும்
என் பங்குக்கு ஒரு பொய்யை வைத்தேன்.
படிகளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

குகபாலன் கச்சான் தோலை
ஊதி ஊதித் தள்ளிக்கொண்டிருந்தான்.
இரண்டாம் இலக்க ஜேர்சி, ஹூக்கர்;
இருபுறமும் எங்கள் தோளில் தொங்கிக்கொண்டு
காலால் பந்தைக் கவ்வி எடுத்தவன்.
அந்தக் காலின் முழங்காலுக்குள் இப்போது இரும்பு.
"மேல்மாடிக்கே போவம், மச்சான்" என்றான்.
"இருபத்துமூன்று படி. எண்ணி வைச்சிருக்கிறன்."

சனிக்கிழமை, இரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்க,
படியடியில் நின்றோம்.
ஓர் ஆள் அகலம்.
தோள் கோர்க்க இடமே இல்லை.
மேலே ருவந்த அவன் பெல்ட்டைப் பிடித்து இழுக்க,
கீழே நான் அவன் பின்பக்கத்தில் தோளைக் கொடுத்து முட்ட,
பர்வீஸ் தெருவில் நின்று கட்டளை போட்டான்:
குனி. பிடி. தள்ளு.
ஒன்பதாம் படியில் குகபாலனுக்குச் சிரிப்பு வந்து
நாலு நிமிடம் வீண்.
பதினாறில் யாருக்கும் சிரிப்பு இல்லை.

மேலே வெயிட்டர், தோளில் துவாய்,
ரெஃப்ரி போல் மணிக்கூட்டைப் பார்த்தான்.
இரண்டு ஐந்து.
"முடிஞ்சுது சேர்."
பிறகு குகபாலனின் சட்டையைப் பார்த்தான்,
தண்ணீரில் தோய்த்தது போல இருந்தது.
உள்ளே போனான்.
ஒரு தேத்தண்ணிக் கேத்தல், நாலு கோப்பை.
மூன்றில் நுரை.
பர்வீஸுக்கு மட்டும் உண்மையான தேத்தண்ணி, சீனி கூட.

நாலேகாலுக்கு விசில் கேட்டது.
டிக்கெட் நாலும் என் பொக்கெற்றில்.
இறங்குவோமா என்று யாரும் கேட்கவில்லை.
மாரா மரம் ஒன்று ஜன்னலை நிறைத்து நின்றது,
மைதானம் துளியும் தெரியவில்லை;
எவனாவது உயர உதைத்தால் மட்டும்
இலைகளுக்கு மேலே பந்து வந்து
ஒரு கணம் நிற்கும்,
பிறகு விழும், யார் கையிலோ.
குகபாலன் கண்ணை மூடி
இரைச்சலைக் கேட்டுச் சொன்னான்:
"நொக் ஒன். எங்கட பிழைதான்."

ஐந்து மணிக்குச் சட்டம் திறந்தது.
வெயிட்டர் கிளாஸ்களோடு வந்து நின்றான்.
கேத்தலே இருக்கட்டும் என்றோம்.