கரண்டி நிற்கும் பதம்

என் பெயர் வவுட்டர்.
கூத்தாநல்லூரில் அது யார் வாயிலும் நுழையவில்லை,
வாட்டர் சார் என்கிறார்கள்.
உண்மையில் தண்ணீர் வேலை என் மனைவிக்கு.
காலை ஆறரைக்கு ஜீப் வரும்;
மதகின் துரு, கன அடிக் கணக்கு, ஷட்டர் சங்கிலி என்று
மூணாறு தலைப்புக்குப் போய்விடுவாள்.

சாருக்கு என்ன வேலை?
சமையல்.
ஓட்டலா?
இல்லை, வீட்டில்.
மீன்கார பக்கிரிசாமி மொபெட்டை அணைத்துவிட்டு
இன்னொரு முறை கேட்டார்.

வெண்ணாற்றங்கரையில்
வெண்ணெய் ஒருநாளும் கட்டியாக இருந்ததில்லை.
பிரிஜ்ஜிலிருந்து மேசைக்கு வருவதற்குள்
அது ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது.
தீப்பெட்டியை அரிசிக்குள் புதைத்து வைக்கிறேன்.
சர்க்கரை டப்பா தண்ணீர்த் தட்டின் நடுவே, தீவு மாதிரி.
இரண்டே நாளில் எறும்புகள் பாலம் போட்டுவிட்டன,
செத்த எறும்புகளால்.
கடலுக்குக் கீழே கிடக்கும் ஊரில் பிறந்தவன் நான்.
தண்ணீரைத் தடுக்கத் தெரியும்.

அவள் ஆற்றை அளக்கிறாள்,
நான் உலைத் தண்ணீரை.
அரிசிக்கு மேலே விரலின் முதல் கோடு வரை என்று
எதிர்வீட்டு ரமீஜா சொல்லியிருந்தார்.
என் விரல் நீளம்.
மூன்று மாதம் குழைந்த சோறு தின்றோம்.

ஐப்பசிக் கடைசியில் புயல்.
இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை.
ஷட்டர் ஒன்று இறங்க மறுக்கிறது, வர நேரமாகும் என்றாள் போனில்.
வெப்பமானி இருபத்து மூன்று.
ரமீஜா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாசல் தண்ணீரைத் தள்ளினார்.
எனக்கும் குளிர்ந்தது, அல்லது
குளிர்ந்ததாக நினைக்கப் பிடித்தது.
பட்டாணியை ஊறவைத்தேன்.

எங்கள் ஊரில் அது
கால்வாய் உறைகிற நாளின் கஞ்சி.
அதில் போடும் கறியின் பெயரை இந்தத் தெருவில் எடுப்பதில்லை.
புகை வாசனைக்கு மாசித் துண்டு ஒன்றை உடைத்துப் போட்டேன்.
கெட்டிப்பட, சேப்பங்கிழங்கு.
கரண்டியை நட்டால் நிற்க வேண்டும், அதுதான் பதம்.
நட்டேன், சாய்ந்தது.
இன்னும் அரை மணி.
சாய்ந்தது.
சிலிண்டர் என்றைக்குத் தீரும் என்பது
சிலிண்டருக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போது வீட்டுக்காரர் கூப்பிட்டார்.
ஜெகபர். புருனேயில் இருபத்தொரு வருஷம்.
இந்த வீட்டைக் கட்டியதிலிருந்து
மொத்தம் தொண்ணூறு நாள் இதில் தூங்கியிருப்பாராம்.
"மாடிக் குழாய் அடைச்சிருக்கான்னு பாருங்க சார்."
வேப்பிலை. நனைந்துகொண்டே அள்ளிப் போட்டேன்.
"அடுப்புல என்ன?"
பட்டாணி.
"மாசி போட்டீங்களா?"
போட்டேன்.
சற்று நேரம் பேச்சில்லை. அவர் பக்கமும் மழையா,
லைனில் இரைச்சலா, தெரியவில்லை.
"இங்கயும் உப்பு கசியுது சார்.
நானும் ஒண்டியாத்தான் பொங்கித் தின்றேன்.
ஜாடியில நாலு அரிசி போட்டு வைங்க."
போட்டேன்.
இனி வாடகையைப் பேசுவார் என்று காத்திருந்தேன்.
"மேல் அலமாரி, வலது பக்கம். கதவு ஒட்டிக்கும், ஓங்கி இழுங்க.
மரக்கரண்டி ஒண்ணு கிடக்கும்."

கிடந்தது.
விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

நட்டேன்.

"என்ன சார், சத்தமே காணோம்?"
கரண்டி நிற்கிறது என்றேன்.
அவருக்குப் புரிந்திருக்க வழியில்லை.
"நிக்கட்டும் சார்," என்றார், "நிக்கட்டும்."

பத்து மணிக்கு வந்தாள், முழங்கால் வரை சேறு.
ஷட்டர் இறங்கிவிட்டதாம், கடைசியில்
நாலு பேர் ஏறி மிதித்து.
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு வாய் வைத்தாள்,
கண்ணை மூடினாள், திறந்தாள்.
உப்பு போதாது என்றாள்.
ஜாடியைக் கவிழ்த்துத் தட்டினேன்.

நாலு அரிசிதான் விழுந்தது.