தடித்த முனை கீழே

ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்த கஸ்தான்யாவை
இரும்பு இடுக்கியின் வாயில் வைத்து
கைப்பிடியைக் கால் சுற்று திருப்புகிறேன்.
டக்.
அவ்வளவுதான். அரைச் சுற்று என்றால் பருப்பு நசுங்கும்,
நசுங்கினால் எண்ணெய் கசியும்,
கசிந்த இடத்தில்
மூன்றாம் நாளே பச்சைப் பூஞ்சணம்.

மூன்று விளிம்பு இந்தக் கொட்டைக்கு.
விளிம்புக்கு ஒரு டக்,
பிறகு கத்தி, பிறகு நகம்.
கீறல் படாத பருப்புக்கு முப்பது சென்டாவோ கூலி.
கீறல் பட்டது என் மதியச் சாப்பாடு.
இந்த வாரம் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஓட்டோடு விட்டால் முளைக்காதா?
முளைக்கும். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்
அது பாட்டுக்கு மண்ணுக்குள் யோசித்துக்கொண்டிருக்கும்.
ஆனால் ஆற்றுக்கு அக்கரையில்
வால்டெமிரோவின் மாட்டுப் பண்ணையில்
எரிந்துபோன மரங்கள் நாற்பத்தொன்று.
ஒன்றுக்குப் பத்தாக நடச் சொல்லி
நீதிபதி கொடுத்த கெடு இரண்டு மழைக்காலம்.
விதைக்கு அவசரமில்லை.
தீர்ப்புக்குத்தான் அவசரம்.
அதனால் உரிக்கிறோம்.

காட்டில் இந்த வேலையைக் கூலியில்லாமல் செய்வது
அகூத்தி. முயல் உடம்பு, எலி முகம்.
தேங்காய் கனத்தில் விழுந்த காயைப்
பல்லாலேயே குடைந்து திறந்து,
தின்றது போக மிச்சத்தை அங்கங்கே புதைத்துவிட்டு
புதைத்த இடத்தை மறந்துபோகும்.
எங்கள் நாற்றங்காலில் மறக்க வழியில்லை.
சுவரில் அட்டை, அட்டையில் தேதி,
தேதிக்கு நேரே டெலியோவின் சிவப்புப் பேனா.
மணல் பாத்தியைக் காலுயர்த்திக் கட்டி
கால்களுக்குத் தகரப் பாவாடை போட்டிருக்கிறோம்,
அந்த அகூத்தி ஏறிவிடக் கூடாதென்று.

உரித்ததை மருந்துத் தண்ணீரில் முக்கி
நிழலில் ஆற வைத்து ஊன்றும்போது
தலைகீழாகிவிடக் கூடாது.
ஒரு முனையில் வேர் வரும், மறு முனையில் தண்டு.
இரண்டு முனைகளும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி.
தடித்த முனை கீழே என்பார் டெலியோ.
எது தடித்தது என்று கேட்டால்
கண்ணாடியைக் கழற்றிவிட்டு
வெகுநேரம் பார்ப்பார்.

இருபத்தாறாம் நாள், ஏழாம் வரிசையில்
மணலுக்கு மேலே ஒரு வெள்ளை நுனி.
தண்டென்று நினைத்து
ஜில்மாராவைக் கத்திக் கூப்பிட்டேன்.
குனிந்து பார்த்தாள். "வேருடீ" என்றாள்.

நான் ஊன்றியதுதான்.
மழையில் மின்சாரம் போன அந்தச் சாயங்காலம்
கடைசி நாற்பதை
விரலால் தடவித் தடவி வைத்தேன்.

அடுத்த வாரம் வேர்
வெயிலைப் பார்த்தது போதும் என்று
வளைந்து மணலுக்குள் இறங்கியது.
கீழே கிளம்பிய தண்டு
இருட்டிலேயே அரைவட்டம் அடித்து
வேறொரு பக்கம் எட்டிப் பார்த்தது,
கொக்கி போலக் கழுத்தோடு,
இரண்டு இலையோடு.

"கணக்கில் சேராது" என்றார் டெலியோ.
கோணல் நாற்றை அதிகாரி எண்ண மாட்டாராம்.
முளைத்தவை முந்நூற்று எண்பத்தெட்டு.
இன்னும் இருபத்திரண்டு குறைகிறது,
அப்படியும் சேராதாம்.

பால்பவுடர் டப்பாவில் மண் நிரப்பி
அதை வீட்டுக்கு எடுத்துவந்தேன்.
படகில், மடியில் இருந்ததை
துடுப்பை நிறுத்திப் பார்த்தான் எதெவால்டோ.
"இதில் எது மேல் பக்கம்?"

இன்னும் முடிவாகவில்லை என்றேன்.