தண்ணீர் படாத நாட்கள்

கிரைண்டர் கல் நழுவி விழுந்ததில்
சுண்டுவிரலுக்குக் கீழே எலும்பு இரண்டு துண்டு.
பெரியாஸ்பத்திரியில் இரண்டு கம்பி செருகி
சீட்டில் எழுதினார்கள்:
தண்ணீர் படக்கூடாது. ஐந்து வாரம்.

பதினோரு வருஷமாகச் சிம்மக்கல் மெஸ்ஸில்
பாத்திரம் கழுவுகிறவளிடம்.

சிரிப்பு வந்தது. சிரித்தால் கை வலித்தது.

கட்டுப் போடும் அறையில் சிஸ்டர் ஜெபசீலி
பழைய துணியைப் பிரிக்கையில்
குனிந்து மோந்து பார்ப்பாள்,
நேற்றைய சாம்பாரை நான் மோந்து பார்ப்பதுபோல.
"வாடையில்லை" என்பாள்.
அன்றைக்கு அதற்கு மேல் நல்ல சேதி வேண்டாம்.
கம்பி தோலுக்குள் போகிற இடத்திலிருந்து
வெளிப்பக்கமாகவே துடைப்பாள்.
ஒரு பஞ்சு, ஒருமுறைதான்.
கீழே விழுந்த கத்தரியை அவள் திரும்ப எடுக்கவில்லை.
எங்கள் மெஸ்ஸில் விழுந்த கரண்டிக்கு
இந்த மரியாதை கிடையாது.

"சிவந்தா வா. வீங்கினா வா.
சீழ் கட்டினா, காய்ச்சல் அடிச்சா
ராத்திரின்னு பாக்காம வா.
மஞ்சள் கிஞ்சள் அப்பிக்கிட்டு மட்டும் வராதே."

மஞ்சளோடுதான் காத்திருந்தாள்
பக்கத்து வீட்டு மொக்கத்தாய்.
வேப்பிலையும் சேர்த்து அரைத்து, கிண்ணம் நிறைய.
வேண்டாமென்றதில் நாலு நாள் பேச்சில்லை.

குளிக்கும்போது பிரெட் கவரைக் கைக்கு மாட்டி
மேலே டேப் ஒட்டி
தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்பேன்,
பஸ்ஸில் கம்பியைப் பிடித்தவள் மாதிரி.
வீட்டுக்காரர் மொண்டு ஊற்றுவார்.
கல்யாணமாகி இதுதான் முதல் தடவை.
சூட்டின் பதம் அவருக்குத் தெரியவில்லை.
நானும் சொல்லவில்லை.

தையல் பிரித்துவிட்டு வரும்போது
பாலத்தில் மினிபஸ் நின்றது.
கீழே வைகை: மணல், நாணல், இரண்டு எருமை.
அதற்கு எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தாரோ.

மெஸ்ஸிலிருந்து போன்:
"இன்னொரு கை நல்லாத்தானே இருக்கு?"

கம்பி உருவி, துளைகள் மூடியபிறகு
ஜெபசீலி வராந்தாக் குழாயைக் காட்டினாள்.
"இனி சோப்புப் போட்டுக் கழுவலாம்."
அப்போதுதான் கவனித்தேன்.
விரலிடுக்கில் வருஷக்கணக்காய்
வெள்ளையாக ஊறி வெடித்துக் கிடந்த புண்
இருந்த இடம் தெரியவில்லை.
அதற்கென்று யாரும் மருந்து போடவில்லை.

குழாயைத் திறந்தேன்.
கையை நீட்டாமல் கொஞ்சம் நின்றேன்.

"தண்ணி வீணாப் போகுதும்மா" என்றது
பின்னால் நின்ற வரிசை.