சம்மதக் கையெழுத்து

நொத்தாரிசு கந்தோரில் முப்பத்தொரு வருசம்
உறுதி எழுதினவன் நான்.
இராசபூபதியை எனக்கு
நாலெல்லைகளால்தான் தெரியும்:
கிழக்கே ஒழுங்கை, வடக்கே குளம்,
மேற்கே சுருட்டுக் கொட்டில்,
தெற்கே எப்போதும் ஒரு புருசன்.

காலியிலும் கண்டியிலும் புகைந்ததெல்லாம்
தகப்பனுக்கு வண்ணார்பண்ணையில்
கல்வீடாய் எழும்பிற்று. ஒரே பெட்டை.
முதல் சீதன உறுதி பதினேழு பக்கம்:
பளையில் தென்னங்காணி, கொழும்பில் நாலு கடை,
கொக்குவிலில் நூற்றிருபது பரப்பு, ஒரு ஒஸ்ரின் கார்.
அவள் பேர் ஒன்பதாம் வரியில் வந்தது.

மலாயாவில் றெயில்வே உத்தியோகம் முதலாமவருக்கு.
வெள்ளைத் தொப்பி, குதிரைப் பந்தயம்.
அவள் விற்பதென்றால் அவர் கையெழுத்து வேணும்;
அவர் விற்கச் சொன்னதை அவள் விற்றாள்.
தேசவழமை அப்படி. நான் எழுதுகிறவன்,
கேட்கிறவன் இல்லை.
கோம்பயன்மணலில் அவர் எரிந்த அன்று
மிச்சம் எண்பது பரப்பு.

இரண்டாமவர் டொக்டர். தங்கமான குணம்,
ஒருநாளும் காசு கேட்டதில்லை.
கேட்டது கிணறு, பிறகு கிணற்றைச் சுற்றித் தோட்டம்,
பிறகு கொழும்புக் கடைகள்.
கோட்டில் வழக்கு நடந்த எட்டு மாதமும்
ஊர் கண்ணைத் திறந்துகொண்டு படுத்தது.
தீர்ப்பன்று கஸ்தூரியார் வீதியில் இறங்கி
இரண்டு சோடிக் காப்பு வாங்கினாளாம்.

பத்து வயசு இளையவர் மூன்றாமவர், சேவையர்.
காணி அளக்க வந்து சங்கிலியை மறந்துவிட்டுப் போனவர்,
எடுக்க வந்து தங்கிவிட்டார் என்று சனம் சொல்லும்.
எழுத்துக்கு நான்தான் சாட்சி.
தன் பேரில் ஒன்றும் வேண்டாம் என்றார்.
அதைத்தான் எல்லாரும் சந்தேகித்தோம்,
நானும்.
நாலாம் வருசம் நெருப்புக்காய்ச்சல் வந்து
அவரைக் கொண்டுபோய்விட்டது.

கல்வீட்டை விற்க அவள் வந்தது ஒரு மத்தியானம்.
குடையைக் கதவில் சாத்தினாள்.
என் கை பழக்கத்தில் எழுதிவிட்டது:
'மேற்படி கணவரின் சம்மதத்தோடு.'
கண்ணாடி போட்டு வாசித்தாள்,
பேனையை வாங்கி அந்த வரியை வெட்டினாள்.
"பிழை திருத்தினால் ஓரத்தில் கையெழுத்து
வைக்கவேணும் எல்லோ?"
வைத்தாள், நிதானமாக, முழுப்பேரும்.

முதுசம் பற்றிக் கேட்டேன், சொன்னாள்.
சீதனம் கேட்டேன், சொன்னாள்.
தேடிய தேட்டம்?
கொஞ்சம் யோசித்தாள்.
"அந்தச் சங்கிலி கிடக்கு,
அறுபத்தாறு அடி. துருப்பிடிக்கேல்லை."

அதை எந்த வாய்பாட்டில் எழுதுவது?
நான் எழுதவில்லை.
முத்திரைச் செலவு போக
ஐம்பது சதம் மிச்சம் வரவேணும் என்று
நின்று வாங்கிக்கொண்டு போனாள்.