இன்கொஞ்சானே

இக்ஸோப்போ. செப்டம்பர் கடைசி ஞாயிறு.
இரவுப்பணி முடித்து
நர்ஸ் உடுப்போடே வந்துவிட்டேன்.
புல்மேடெல்லாம் மூடுபனி.
பைனாகுலரில் என் மூச்சுதான் தெரிந்தது.

நீலத் தகைவிலான் வந்திறங்கிவிட்டதாம்,
இந்தப் பக்கம் ஐந்தாறு ஜோடிதான்.
தகைவிலான், களைப்பறியாதவன்.
எனக்கோ கண் சொருகியது.
தேவராஜு மூட்லி மூன்று வசந்தமாய்
நோட்டில் ஒரு பக்கத்தை
அதற்கென்றே காலியாக வைத்திருக்கிறார்.
ரொட்டிக்குள் பீன்ஸ் கறி ஆறிப்போயிற்று.

"இன்கொஞ்சானே" என்றார் வழிகாட்டி ஸிகாலி.
ஜூலுவில் அதன் பேர்.
என் காதில் விழுந்தது
இன்னும் கொஞ்ச நேரம் என்று.
உட்கார்ந்தேன்.

கறையான் தின்னி ஆர்ட்வார்க்
தோண்டிவிட்டுப் போன வளைக்குள்தான் கூடாம்,
இத்தனை வானம் இருக்க, தரைக்கடியில்.
யாரோ ஒரு ராத்திரி வேலைக்காரன்
ஒழித்துக் கொடுத்த அறை.

பத்தேகாலுக்குப் பனி கிழிந்தது.
எதிர்ச்சரிவில் வரிசை வரிசையாக யூகலிப்டஸ்,
போன வருஷம் அங்கே புல் இருந்தது.
மூட்லி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அப்போதுதான்
என் முழங்கால் உயரத்தில்
ஒரு நீலம் போய்
வளைக்குள் விழுந்தது.

நான் சொல்லவில்லை.
வெளியே வரத்தானே வேண்டும்,
அவர் துடைத்து முடிக்கட்டும்.