பற்று வரவு

லிவீவ் நகரம், ஆர்மேனியத் தெரு, மூன்றாம் மாடி.
நாற்பத்தாறில் சாவி கொடுத்தார்கள்,
டிராம் பணிமனை ஒதுக்கீடு.
போனவர்கள் மேற்கே போனார்கள், ரயிலில்,
என்றார் வாயில் காவலர்.
அதற்கு மேல் அவர் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை. எனக்கு வீடு வேண்டியிருந்தது.

அலமாரியின் ஒரு காலுக்கு
அண்டைக் கொடுத்திருந்தது அட்டை போன ஒரு கணக்கேடு.
கொக்கி கொக்கியாய் எழுத்து.
எடுத்தால் அலமாரி ஆடும். இருபது வருடம் எடுக்கவில்லை.

கோயில் சுவரின் சித்திரங்களைச் சோதிக்க
எரெவானிலிருந்து வந்தவள் ஸத்தேனிக்.
தேநீர்க் கோப்பையோடு குனிந்தாள்.
"எங்கள் எழுத்து!"
தரையில் உட்கார்ந்து ஒரு பக்கம் முழுக்கச் சத்தமாகப் படித்தாள்.
பிறகு உதட்டைத் தொட்டுப் பார்த்தாள்,
வேறு யாருடைய பல்லோ வாயில் முளைத்தாற்போல.
"எழுத்தெல்லாம் தெரிகிறது.
ஒரு சொல்லும் புரியவில்லை."

பொதுச் சமையலறையில்
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான்
அடுத்த அறை ராணுவ டிரைவர் பெய்ஸென், கசாக்கியன்.
கத்தி நின்றது.
"இன்னொரு தரம் படியுங்கள்."

அவளுக்கு வாசிக்கத் தெரியும், அவனுக்குக் கேட்கத் தெரியும்.
நடுவில் நான், பென்சிலோடு.

கிரிமியாவிலிருந்து வந்தவர்களாம்,
நாக்கில் புல்வெளிக்காரர் பேச்சு, விரலில் தங்கள் எழுத்து.
குங்குமப்பூ, பாரசீகக் கச்சை,
எந்த மலையில் காய்த்ததோ அந்த மிளகு.
சொந்த நீதிமன்றம், சொந்த மணி.
அவெடிக், பேரன் காலத்தில் அவெடிகோவிச் ஆனான்.
பேச்சு போலிஷ் ஆயிற்று,
பழைய மொழி பூசைக்கு மட்டும்,
பூசைக்கு வருகிறவர்கள் மூன்று பெஞ்சு அளவுக்கு.
பாதிப்பேர் கல்யாணங்களில் கரைந்தார்கள்.
மீதியை ரயில் ஏற்றிக்கொண்டது.

இது ஸத்தேனிக் சொன்னது. ஏட்டில் இவ்வளவுதான்:

*மழை. வண்டி வரவில்லை.
ஹூனான் மகள் இரண்டு படி மிளகு கடன்.
அவளிடம் பணம் கேட்க*

அங்கே அலமாரிக்கால் அழுத்திய ஓட்டை.

"வேண்டுமா, வேண்டாமா?" என்றேன்.
பெய்ஸென் விரலை ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தான்.
"எங்கள் பேச்சில் அது வால்நுனியில்தான் வரும், அக்கா."

உருளைக்கிழங்கு கறுத்துப் போயிருந்தது.
அப்படியே வேகவைத்துத் தின்றோம்.

ஏட்டை அவள் கொண்டுபோனாள்.
டிராம் போகும்போதெல்லாம் அலமாரி ஆடுகிறது.
ஒரு செங்கல் துண்டு போதும்.
வைக்கவில்லை.